இருபத்து மூன்றாம் நாள்

அம்மாவின் உள்ளங்கை என் வாயை அழுத்தி மூடியிருந்தது.

காலையிலிருந்து மிளகு உதிர்த்த கை. உதடு எரிந்தது.

கட்டிலிலிருந்து அப்பா மறுபடியும் கேட்டார்.

"செல்வி வந்துட்டாளா, இல்லையா? நெசத்தைச் சொல்லு புள்ள."

ஒரு பக்கம் கை கால் விழுந்து, பார்வையும் போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட்டில் காபிப் பழம் உரிக்கும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது அந்தக் குரல் கட்டிலைத் தாண்டவில்லை.

"ஏனுங்க, அவ வந்து நாலு நாளாச்சுங்க. உங்க தலைமாட்டுலதான் நிக்கிறா. உங்களுக்காக நேர்ச்சை இருக்கா, பேசமாட்டா" என்றாள் அம்மா.

அப்பாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்புதான் அது.

"இன்பம், ஏமாத்தாத புள்ள. வந்திருந்தா அவ வாய் சும்மா இருக்குமா?"

இருக்காது. பேச்சு சுவாரசியத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஏற்காட்டிலிருந்து நாகலூர் வீட்டுக்கு நடந்தே வந்தவள் நான். அப்பாவுக்குத் தெரியாதா?

நேர்ச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. காலேஜ் பாடம்.

மெட்ராஸுக்கு ஓவியம் படிக்கத்தான் போனேன். மூன்றாம் வருஷம், ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த ஒரு ஆசிரியர் எங்கள் தூரிகைகளையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இனிமேல் உங்கள் உடம்புதான் படம், நீங்கள் வாழ்வதுதான் வரைவது என்றார். ஆளுக்கொரு காரியம் எடுத்துக்கொண்டோம். நான் எடுத்துக்கொண்டது நாற்பது நாள் பேசாமல் இருப்பது.

பத்தொன்பதாம் நாள் தந்தி வந்தது.

பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்டக்டர் என்னை ஊமைப்பெண் என்று நினைத்து, முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தார். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது. மலை ஏறி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெருமை இறங்கவில்லை.

வீட்டு வாசலில் பேசிவிடுவது என்றுதான் வந்தேன். சத்தியமாக.

அது தவக்காலம். அம்மா என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, ஏன் பேசவில்லை, அப்பாவுக்காக நேர்ந்துகொண்டாயா, ஈஸ்டர் வரைக்குமா என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

அப்பாவின் மூச்சு இந்த நான்கு நாள் ஓடியதே அதனால்தான் என்று அம்மா நம்பினாள். அதனால்தான் நான் வாயெடுத்ததும் பாய்ந்து வந்து பொத்தினாள்.

பேச முடியாவிட்டால் என்ன, தொட்டால் தெரியாதா? அப்பாவின் நல்ல கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தேன்.

விரல்கள் உச்சியிலிருந்து மெதுவாக இறங்கின. பின்கழுத்துக்கு வந்து நின்றன. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கின. சடையைத் தேடுகிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அதை டிசம்பரில், இதே வகுப்பில், இருபது பேர் பார்க்க நானே கத்தரித்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இது எம்புள்ள தலையில்ல. யாரு தம்பி நீ?"

அம்மாவின் கை என் வாயிலிருந்து மெல்ல விலகியது.

"பேசு சாமி. நேர்ச்சை போனாப் போவட்டும். உங்குரலைக் கேட்டுட்டாவது போவட்டும் அந்த மனுசன்."

அவரை உயிரோடு பிடித்து வைத்திருப்பதாக அவள் நம்பியது அந்த நேர்ச்சை ஒன்றைத்தான். அதையே விட்டுக்கொடுத்தாள்.

வாயைத் திறந்தேன்.

இத்தனை நாள் பேசாததில் தொண்டை அடைத்துவிட்டது, குரல் வரவில்லை என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். நான் பேசி, அந்த நிமிஷமே அவர் போய்விட்டால், அம்மா காலமெல்லாம் தன்னையே சபித்துக்கொள்வாளே என்று பயந்தேன் என்று வேறு சிலரிடம். இரண்டையும் கேட்டவர்கள் அழுதார்கள்.

குரல் வந்திருக்கும். எனக்குத் தெரியும்.

வகுப்பில் வேறு யாரும் தாங்கள் எடுத்த காரியத்தில் பத்து நாளைத் தாண்டவில்லை. என் அப்பா என் தலைமேல் கை வைத்துக் காத்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது அதுதான்.

வாயை மூடிக்கொண்டேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேம்பினாள்.

அப்பா என் தலையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார்.

"தம்பி, எம்புள்ள செல்வி மெட்ராஸுல இருந்து வருவா. வந்தா சொல்லிரு. அப்பன் நொம்ப நேரம் முழிச்சிருந்தேன்னு."

மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தகப்பன் செத்தும் நேர்ச்சையை முறிக்காத பிள்ளை என்றார்கள். அவருடைய ஆன்மாவுக்காக மிச்ச நாளையும் முடித்துவிடச் சொன்னாள் அம்மா. முடித்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை, வகுப்பு மொத்தமும் என்னைச் சுற்றி நின்றது. ஆசிரியர் என் தோளில் கை வைத்து, எந்த நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டார்.

"முதல் நாள்தான் சார்" என்றேன்.

குரல் தெளிவாகவே வந்தது.