விழவிடாத பலகை

நடுக்கடல் காற்றாலைகளைத் துடைக்கும் பிலோமினாவிடம், அவள் விழுந்தால் மட்டும்தான் கரையிலிருந்து யாராவது பேசுவார்கள். அதனால் தினமும் ஒரு முறை விழுவாள். ஆலைக்கு ஆலை போகும் வழியில், காற்றுக்காகக் கையில் பிடித்திருக்கும் சிறகுப்பாயைச் சற்றே தளர்த்தி, அலைக்கு மேல் பறக்கும் பலகையிலிருந்து பொத்தென்று தண்ணீரில் சாய்வாள். பலகை அதை விபத்தென்று கரைக்குச் சொல்லும். உடனே காதில் மாட்டிய கருவிக்குள் கட்டுப்பாட்டு அறைத் தெரஸ் கேட்பாள்:

“யக்கா, அடி கிடி பட்டுச்சா?”

“இல்ல தாயி, தண்ணிதான். நீ சாப்டியா?”

“இப்பதான் புட்டு தின்னேன். பாத்து வாங்க.”

அவ்வளவுதான். அடுத்த பேச்சுக்கு மறுநாள்வரை பொறுக்க வேண்டும்.

இப்படித் தினம் தினம் விழுகிறாளே என்று நிர்வாகம் இரக்கப்பட்டுப் புதுப் பலகை அனுப்பியது.

இன்று காற்று நிமிடத்துக்கொரு திசையில் அடித்தது. அலை கோணல்மாணலாக எழும்பியது. விழத் தோதான நாள். பிலோமினா பாயைத் தளர்த்தினாள். அடியில் மோட்டார் முனகி அவளை நிமிர்த்தியது. ஒருக்களித்துச் சாய்ந்தாள், அப்போதும் நிமிர்த்தியது. கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பெரிய அலையின் வாய்க்குள்ளேயே விட்டாள். அது அவளைப் பூப்போலத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது.

கடைசியில் பாயை விட்டுவிட்டுக் குதித்தே விட்டாள். வேண்டுமென்று குதிப்பதைப் பலகை விபத்தாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வட்டமடித்து அவள் பக்கத்தில் வந்து சமர்த்தாக நின்றது. காதுக்குள் சத்தமே இல்லை.

பலகையைப் பிடித்து மிதந்தபடி அவளே கேட்டாள்: “யக்கா, அடி கிடி பட்டுச்சா?”

வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுப் பதிலும் சொன்னாள்.

“இல்ல தாயி, தண்ணிதான்.”