நேராப் போய் லெஃப்ட்

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?" மனைவி பல்லைக் கடித்தாள்.

"பாவம், ஊருக்குப் புதுசு. நம்மளை நம்பிக் கேட்டாங்க" என்றார் கணவர், அன்று காலையில் வாங்கிய மஞ்சள் தொப்பியைச் சரிசெய்தபடி.

"நீங்க என்ன, இங்கேயே பொறந்து வளர்ந்தவரா? காலையிலதானே பஸ்ஸை விட்டு இறங்கினோம்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அரசு அலுவலகத்தில் 'விசாரணை' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். எதிரே யார் வந்து நின்றாலும் ஏதாவது ஓர் அறையைக் கைகாட்டி அனுப்பிவிடுவார். அந்தக் கை விடுமுறை நாளில் மட்டும் சும்மா இருக்குமா? பெருநகரத்தைக் காலாற நடந்து சுற்றிப் பார்க்கலாம் என்று வந்த இடத்தில், ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வங்கியைக் காட்டினார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தம்பதியைப் பூங்காவுக்கு அனுப்பினார். அந்தப் பூங்காவை அவர் கனவில்கூடப் பார்த்ததில்லை.

"முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டுங்க. அதைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் உங்ககிட்டயே வர்றாங்க."

"ஸ்டைலா இருக்கேன்னு உனக்குப் பொறாமை."

சிக்னல் அருகே ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். நீலச் சட்டை, தோளில் பை, கையில் பிளாஸ்க்.

"சார், இங்க பெரிய நூலகம் ஒண்ணு இருக்காமே, அதுக்குப் பின்னால..."

"நூலகமா? நேராப் போய் லெஃப்ட்! ஒரு பாலம் வரும், ஏறி இறங்குங்க. அங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவர் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு ஓடினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் நூலகம் இருக்கா?"

"இவ்வளவு பெரிய ஊர்ல நூலகம் இல்லாத பக்கம் ஏது?"

"நல்லா இருக்கு. ஆறு மணிக்கு மைதானத்துலேருந்து நம்ம டூர் பஸ் கிளம்பிடும். யாருக்காகவும் நிக்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில எனக்கு முதல் ஷிஃப்ட். ஹெட் நர்ஸ்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கியிருக்கேன், போய்ச் சேரலைன்னா என் வேலைக்கே உலை. மைதானத்துக்காவது வழி தெரியுமா?"

"இதென்ன கேள்வி? நேராப் போய் லெஃப்ட்!"

போனார்கள். ஒரு செருப்புக் கடை வந்தது. இன்னும் போனார்கள். அதே செருப்புக் கடை மறுபடியும் வந்தது. அடுத்த முறை கடைக் காவலாளியே தெரிந்தவர்போலச் சிரித்தார். இருட்டத் தொடங்கியதும் மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவரைக் கேட்காமல் ஒரு போக்குவரத்துப் பெண் போலீஸிடம் போய் நின்றாள்.

"மைதானமா? உங்களுக்குப் பின்னாடி தெருதாம்மா" என்றார் அவர்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தால், மணி ஏழைத் தாண்டியும் பஸ் நின்றுகொண்டிருந்தது!

"பார்த்தியா, நமக்காக நிக்கிறாங்க" என்று கணவர் மார்பை நிமிர்த்தினார்.

"நீங்க வேற சார்! நைட் டிரைவர் இன்னும் வந்து சேரலை" என்றார் சுற்றுலா நடத்துபவர். "போன் பண்ணா, வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்றார். எங்க இருக்கார்னு அவருக்கே தெரியலை."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த டிரைவரை மனதார வாழ்த்தினாள். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒருவர் படியேறினார். நீலச் சட்டை. கையில் பிளாஸ்க்.

"எல்லாரும் மன்னிச்சுக்கணும். நான் ஊருக்குப் புதுசு. நூலகத்துக்குப் பின்னால இருக்கிற மைதானம்னு சொல்லி அனுப்பினாங்க. வழி கேட்டா, எவனோ ஒரு மகாராசன் பாலத்துக்கு அந்தாண்டை அனுப்பிட்டான். முகம் சரியா ஞாபகம் இல்லை, மஞ்சள் தொப்பி போட்டிருந்தான். அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்... இங்க யாராவது அப்படி ஒருத்தனைப் பார்த்தீங்களா?"

மனைவி சத்தமில்லாமல் கணவரின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கைப்பையின் அடியில் திணித்தாள். பிறந்ததிலிருந்து முதன்முறையாகக் கணவர் வாயைத் திறந்து சொன்னார்:

"தெரியலைங்க."