ஆட்டோ கீ போட்டது யாரு?

"ஆட்டோ கீ போட்டது யாரு? மரியாதையா அணைச்சிடுங்க!"

டீம் லீடர் அக்காவின் குரல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்து புது மேனேஜரின் காதில் விழுந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்குள் இதே கூச்சல் எத்தனை தடவை!

கரடிக்குட்டி ஒன்று காடு சுற்றும் கார்ட்டூன் படம். பாதிகூடத் தேறவில்லை. "மாசக் கடைசிக்குள்ள முடிக்கலேன்னா அந்த டீமே வேண்டாம்" என்று கறாராகச் சொல்லித்தான் முதலாளி இவரை அனுப்பியிருந்தார்.

ஆட்டோ கீ என்ன கொலைக்குற்றமா? திரையில் கரடியின் கையை நகர்த்தினால் போதும், 'இந்த இடத்தில் கை இப்படி' என்று கம்ப்யூட்டர் தானே பதிந்துகொள்ளும். அதை அணைத்துவிட்டால், ஒவ்வொரு அசைவையும் நாமே பட்டன் தட்டிப் பதிய வேண்டும். பதியாமல் அடுத்த ஃப்ரேமுக்கு, அதாவது அசைவின் அடுத்த படத்துக்குப் போனால் செய்தது போச்சு.

ஊரே காரில் போகும்போது இந்தம்மா எல்லாரையும் நடக்க விடுகிறாரே!

டீமும் சும்மா இல்லை.

"தட்டித் தட்டி விரலே தேஞ்சுபோச்சுக்கா! நாளைக்கு மோதிரம் போட விரல் இருக்காது!" என்று கத்தினாள், சுருட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பெண்.

"மோதிரத்தைக் கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கோ. வேலையைப் பாரு."

ஜன்னலோர சீட்டு அண்ணன் மட்டும், "விடும்மா, அவங்க சுபாவம் அப்படி" என்று சிரித்தார். டீமிலேயே மூத்தவர். கரடியின் நடை முழுக்க அவர் கைவண்ணம். அந்த நடைக்காகத்தான் படமே இந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது.

மேனேஜர் சுருட்டையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உனக்கு ஒரு நல்ல சேதி. நாளையிலேருந்து யார் வேணா ஆட்டோ கீ போடலாம். அக்கா ஒத்துக்கலேன்னா அக்காவையே மாத்திடறேன்."

சுருட்டையின் முகம் செத்துப்போனது.

"ஐயோ, வேண்டாம் சார்!"

"இப்பதானே அந்தக் கத்து கத்தினே?"

"இன்னைக்கு என் முறை சார். அதான் கத்தினேன்."

"கத்தறதுக்கு முறையா?"

அவள் கண்ணாடி வழியே ஜன்னலோர சீட்டைக் கண்ணால் காட்டினாள்.

அண்ணன் கரடியின் காதை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மவுஸ் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. காதுக்குப் போன கை, வழியில் காலை இழுத்தது, வாலைத் திருகியது. அவர் பதறவில்லை. காது ஒருவழியாக நிமிர்ந்ததும் காதை மட்டும் பதிந்தார். அடுத்த ஃப்ரேமுக்குப் போனார். இழுபட்ட காலும் திருகிய வாலும், ஒன்றுமே நடக்காத மாதிரி தத்தம் இடத்துக்குத் திரும்பின. கரடி அழகாகக் காதை ஆட்டியது.

"ஒரு வருஷமா இப்படித்தான் சார்" என்றாள் தணிந்த குரலில். "ஆட்டோ கீ இருந்தா கை தவறினதெல்லாம் பதிஞ்சிடும்."

"அவர் மட்டும் அணைச்சுக்கட்டுமே."

"அவர் மட்டும் அணைச்சா, ஏன்னு கேள்வி வரும் சார். கை நடுங்கறது நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளே சீட்டைக் காலி பண்ணிடுவார் சார். அதான் அக்கா எல்லாருக்கும் ஒரே ரூலாப் போட்டு, கெட்ட பேரைத் தான் வாங்கிக்கிட்டாங்க. அவருக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதேன்னு நாங்க மாத்தி மாத்திக் கத்தறோம்."

மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். முதலாளியிடம் இன்னும் ஒரு மாசம் கேட்க வேண்டியிருக்கும். கிழி கிழி என்று கிழிப்பார். கிழிக்கட்டும்.

கதவைத் தடாலென்று திறந்தார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க! அக்கா போட்ட ரூல் இனிமே என் ரூல். எவன் ஆட்டோ கீ போட்டாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"சரியாப் போச்சு, அந்தம்மாவே தேவலை போலிருக்கே" என்று அண்ணன் சிரித்தார்.

"இதென்ன சார் அநியாயமா இருக்கு!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது, அக்காதான்.