அறங்காவலரின் மரியாதை

நிறைமதியின் கையில் கிடந்து நாடியும் பார்க்கும் பேசும் வளையல்தான் அவளுடைய அறங்காவலர். பொள்ளாச்சித் தோப்பை மகளுக்கும் அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவைத்த அப்பா, சாவதற்கு முன் அதை இந்த வளையலின் பொறுப்பில் விட்டுப் போனார். தோப்பில் என்ன நடந்தாலும் பங்குள்ள எல்லோருக்கும் அது சொல்லியாக வேண்டும்; விற்பதென்றால் எல்லோரையும் கேட்டாக வேண்டும். சட்டம் அப்படி. ஒரு மட்டை விழுந்தால்கூடச் சொல்லும். அதுவும் அப்பா குரலில், அப்பா பேசுகிற மாதிரியே.

"உன் தோப்புல மோட்டார் மாத்தியாச்சு கண்ணு."

இன்று அந்தத் தோப்பை விற்கிறார்கள். குழந்தைக்காக இன்னொரு முறை சிகிச்சை எடுக்க அவளுக்கும் கணவன் பரிதிக்கும் வேறு வழி தெரியவில்லை. பத்திர ஆபீசுக்குப் போக அவன் காரை வெளியே எடுத்தான். அவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வளையல் பேசியது.

"விக்கறதுக்கு முன்னால உங்ககிட்டக் கேக்கோணும். உங்களுக்குச் சம்மதமா?"

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அது அவளை 'நீ' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"இதென்ன புதுசா 'உங்களுக்கு'? எங்கப்பாவும் கோவம் வந்தாத்தான் எனக்கு மரியாதை குடுப்பாரு. தோப்ப விக்கறேன்னு கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. மரியாதையும் இல்ல. பன்மை."

வெளியே பரிதி ஹாரன் அடித்தான். நிறைமதி மாட்டிய செருப்பை மெதுவாகக் கழற்றினாள்.