நாலாவது ஷாட்

ஒரு நிமிட வீடியோவுக்கு ஐந்து ஷாட் போதும் என்று முடிவு பண்ணியிருந்தான் திருமுருகன். ஆவடியில் கல்யாண வீடியோ எடுப்பவன். ஒரு வாரமாக அடித்துத் திருத்தி எழுதிய தாளோடு, சேக்காட்டில் கண்ணம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

கண்ணம்மாவின் ஒரே மகன் கிஷோர், திருமுருகனின் உயிர் நண்பன். பைக் ஓட்டிக்கொண்டே போன் பேசி, நசரத்பேட்டை அருகே லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷ நினைவு நாள். அன்றைக்கு, வண்டி ஓட்டும்போது போன் பேசாதே என்று சொல்லும் இந்த வீடியோவை வெளியிட வேண்டும்.

"படிச்சுக் காட்டறேம்மா. நீ சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

"படி கண்ணு."

"மொதல் ஷாட், கிஷோர் வண்டியை எடுக்கறான். ரெண்டாவது, ஹைவேல போறான். மூணாவது, பாக்கெட்ல போன் அடிக்குது. நாலாவது..." கொஞ்சம் தயங்கினான். "ஒரு பொண்ணு. ஊட்ல உக்காந்துகினு சிரிச்சு சிரிச்சுப் பேசுது. அஞ்சாவதுல லாரி."

"பொண்ணுன்னா யாரு?"

"பேரெல்லாம் போட மாட்டேன். பாக்கறவங்களுக்குத் தெரியும்."

தெரியாமல் இருக்குமா? பக்கத்துத் தெரு ஷர்மிளா. கிஷோர் கட்டிக்கொள்ள இருந்தவள். அவன் போன் சுக்குநூறாகிவிட்டது. பேசினது அவள்தான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. "நான் பேசவே இல்லை" என்று தன் போனைக் காட்டி அழுதாள். அழித்திருப்பாள் என்றார்கள். வந்த வரன் இரண்டும் அந்தப் பேச்சிலேயே தட்டிப்போயின.

திருமுருகனுக்கு அது போதவில்லை. துக்கம் தீர, மனுஷனுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

"அந்தப் பொண்ணு வாணாம்," என்றாள் கண்ணம்மா.

அவனுக்குச் சுருக்கென்றது. "அவளுக்கா பாவம் பாக்கற? உன் புள்ளைய முழுங்கினவம்மா அவ!"

கண்ணம்மா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல ஒரு அம்மாவைப் போடு திரு. அடுப்பாண்ட நின்னுகினு போன் பண்றா. வண்டி ஓட்டிகினு கீறேம்மான்னு புள்ளை சொல்றான். வைக்காம, எப்ப வருவே, தோசை ஊத்தட்டுமா, சட்னி இன்னா பண்ணட்டும்னு கேட்டுகினே கீறா."

"பாக்கறவன்லாம் அம்மாவைத் திட்டுவாம்மா. அந்த வேஷத்துக்கு எவளும் வர மாட்டா."

"நான் வரேன்."

"நீயா? புள்ளையைப் பறிகொடுத்துட்டு, உனக்கு எதுக்கும்மா இந்தப் பழி?"

அவள் தலை நிமிரவில்லை. தாளை இரண்டாக மடித்தாள்.

"ஒரு வருசமா அதை அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டு, வாயை மூடிகினு இருந்தேனே... அன்னிக்கு போன் பண்ணது நான்தான் கண்ணு."