பீரோவுக்குள் ஒரு தோட்டம்

"கம்ப்யூட்டர் கேம் படிப்பைக் கெடுக்கும்னு எந்த ஆராய்ச்சி சொல்லுது மேடம்? அதையாவது காட்டுங்க!"

விடுதி வார்டன் எதையும் காட்டவில்லை. மாணவியின் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பரீட்சை முடிஞ்சதும் வாங்கிக்கோ."

"மேடம், அந்த கேம்ல இருக்கறது ஒரு தோட்டம். தினமும் தண்ணி விடலைன்னா மொத்தமும் வாடிடும். எங்க அக்கா கல்யாணமாகிப் போறப்ப என்னை நம்பி ஒப்படைச்சது. மூணு வருஷமா காப்பாத்திட்டு வர்றேன்!"

"பொம்மைச் செடிக்கு இவ்வளவு கண்ணீரா? போ, போய்ப் புத்தகத்தைத் திற."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டனுக்குக் 'கல்நெஞ்சு' என்று பட்டப்பெயர் வைத்தார்களே, சும்மாவா வைத்தார்கள்?

எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் காய்ந்த கொடிதான் தெரிந்தது. அக்கா போன் செய்தால் தோட்டத்தைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து பயந்து பேசினாள்.

பன்னிரண்டாம் நாள். கடைசித் தேர்வை எழுதிய கையோடு வார்டன் அறைக்குப் போனாள். கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

வார்டன் பீரோவைத் திறந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

திறந்தாள். வரிசை மறந்து போனது.

பச்சைப் பசேலென்றிருந்தது தோட்டம். அக்கா நட்ட கொடி வேலியைத் தாண்டிப் பூத்திருந்தது. மூலையில் அவள் நடாத பூசணி ஒன்று.

"மேடம்... யாரு தண்ணி..."

"வாடிடும்னு நீதானே அழுதே?" வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "தண்ணி மட்டும் விடலாம்னுதான் திறந்தேன். அப்புறம் களை எடுத்தேன். அப்புறம் பூசணி..."

அவளுக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டாள்.

"அப்ப, கேம் படிப்பைக் கெடுக்காதுன்னு ஒத்துக்கறீங்க!"

"கெடுக்காதா? நாளைக்கு எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை. பாதிப் புத்தகம் திறக்காமலே கிடக்கு!" என்ற வார்டன், மெல்லக் கையை நீட்டினார். "ஒரே நிமிஷம் குடேன். அந்தப் பூசணியை மட்டும் பறிச்சுடறேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டேப்பைப் பழையபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போதும், புத்தகத்தைத் திறங்க மேடம். பூசணியைப் பரீட்சை முடிஞ்சதும் பறிச்சுக்கலாம்."