கடைசி ஆள்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் கனவில் சாப்பிட்டால்தான் குழாயில் இறங்கும் கஞ்சி உடம்பில் ஒட்டும். சிவசைலம் பிள்ளைக்கு எட்டு நாளாக ஒட்டவில்லை. துரும்பாக இளைத்துவிட்டார்.

"கனவுல இலை போடலையா, அய்யா?" என்று கேட்டாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உணவைக் கவனிக்கும் ஜெசிந்தா.

"போட்டிருக்கு. சனம் வந்துக்கிட்டே இருக்கு. வந்தவங்க பசியாறாம வீட்டுக்காரன் உக்காந்தா எங்க குடும்பத்துக்கு மரியாதையா?"

"உசுரு போயிரும் அய்யா."

"போகட்டும்."

மதியம் அவர் தூங்கியதும் அவள் பக்கத்துக் கட்டிலில் படுத்து அவர் கனவுக்குள் வந்தாள். சோற்று ஆவி மேகமாய் மிதந்த மண்டபத்தில் அவரே அவளுக்குப் பரிமாறினார். சாப்பிட்டு இலையை மடித்தவள், போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"நான்தான் கடைசி ஆள். உக்காருங்க."

பிள்ளை உட்கார்ந்தார். கதவை யாரோ தட்டினார்கள்.

"காத்து," என்றாள்.

தட்டியது காற்றல்ல என்று தெரிந்தும், அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார்.